போன காரியம் என்னாச்சு

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் நங்கை என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கத்து முறை அது. அன்றைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இன்றைக்கு எழுதவும் கை வரவில்லை. நங்கை என்றே இருக்கட்டும்.

நங்கையை நினைத்தால் முகத்துக்கு முன்னால் அவருடைய கேள்விதான் வரும். "போன காரியம் என்னாச்சு?" வீட்டிலிருந்து யார் எங்கே போய்த் திரும்பினாலும் கேட்பார். வாய்க்காலில் மடை மாற்றப் போனவர், கொழிஞ்சாம்பாறைக்கு மருந்து வாங்கப் போனவர், பக்கத்து வீட்டுக்கு மோர் வாங்கப் போன நான், எல்லோரையும் கேட்பார். சொன்னதைக் காதில் முழுக்க வாங்கிக்கொண்டு, "செரி, போ" என்பார். அந்த "செரி, போ" வந்தால்தான் நாங்கள் அங்கிருந்து நகரலாம்.

"எங்கக்காகிட்ட கொல்லைக்குப் போயிட்டு வந்தாலும் வெவரம் சொல்லோணும்" என்பார் என் வீட்டுக்காரர், நங்கையின் காதில் விழும்படியே.

"சொல்லோணும்டா. ஒருத்தர அனுப்பிச்சா, அவிய வந்து சொல்றதக் கேக்கற வரைக்கும் அந்தக் காரியம் முடியல" என்பார் நங்கை. சிரிக்க மாட்டார்.

ஊரில் அவரைப் பற்றி வேறு மாதிரி பேசுவார்கள். முப்பத்திநாலு வயதாகியும் கல்யாணம் இல்லை. கோயமுத்தூர் காலேஜில் கணக்குப் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு பெரிய படிப்பு நிலையத்தில் வேலை. அங்கே ஓர் அறை முழுக்க ஒரே மிஷின் இருக்குமாம். அதற்கு வேலை சொல்லித் தருகிற வேலை. "மிஷினுக்கு வாத்திச்சி" என்று கேலி பண்ணுவார்கள். எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் என் மாமனாருக்கு ஒரு பக்கம் விழுந்துபோனது. மாமியார் முன்னமே இல்லை. நங்கை மூன்று மாதம் லீவு போட்டுவிட்டு வந்தார். வந்தபோது அவர் கையில் ஒரு துணிப் பை, தலையில் ஒரு கட்டுத் தாள். ஓரமெல்லாம் ஓட்டை ஓட்டையாக, மடிப்பு மடிப்பாக, விரித்தால் வாசலில் இருந்து மாட்டுக்கொட்டகை வரைக்கும் நீளும் தாள். அந்தத் தாளில்தான் அவர் உயிர் இருந்தது. அப்போது அது எனக்குத் தெரியாது.

நான் அந்த வீட்டுக்கு வாழ வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அஞ்சாவது வரைக்கும் படித்தவள். மாமனார் எதிரில் பேச மாட்டேன். பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, எனக்கு வராது. வெளியே போய் வந்தால் கதவோரம் நிற்பேன். யாராவது கேட்டால் சொல்வேன். கேட்கும்வரை நிற்பேன். ஒரு நாள் சோறு குழைந்துவிட்டது என்று சொல்ல வந்து, யாரும் கேட்காததால் நின்றுகொண்டே இருந்தேன். அதற்குள் அடி பிடித்துவிட்டது. அந்த வீட்டில் என்னைக் கேட்டவர் நங்கை ஒருவர்தான்.

நங்கையின் கஷ்டம் எனக்குத் தெரிந்தது ஒரு மத்தியானம், கிணற்றடியில். மாமனாரின் துணிகளை அலசிக்கொண்டிருந்தவர் அப்படியே துணியில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"அம்மிணி, நானு இங்கயே மக்கிப் போயிருவன் போல இருக்குது" என்றார்.

சென்னையிலிருந்து கடிதம் வந்திருந்தது. அவர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த வேலையைப் போட்டால் மிஷின் தினமும் மத்தியானத்துக்குள் நின்றுவிடுகிறதாம். காரணம் யாருக்கும் தெரியவில்லையாம். எழுதியவரே சரி பண்ணித் தரவேண்டும். மாதக் கடைசிக்குள் சரியானால் அந்த வேலை அவருக்கு நிரந்தரம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்ச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று அவர் நினைத்திருந்தார். சரியாகவில்லையானால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள்.

மிஷின் சென்னையில், இவர் இங்கே. வரிகளைத் திருத்திக் கடிதத்தில் எழுதி அனுப்ப வேண்டும். அங்கே ஒருவர் அதை அடித்துப் போட்டுப் பார்த்து, நின்றதா ஓடியதா என்று பதில் போடுவார். ஒரு தடவைக்குப் பத்து நாள் போய்விடும். எங்கள் ஊர் கேரளாப் பக்கம். அதனால் நங்கை எல்லையில் இருக்கும் வாளையார் செக்போஸ்டுக்கே போய், கோயமுத்தூர் போகிற லாரிக்காரர் ஒருவரிடம் கவரைக் கொடுத்து அங்கே தபாலில் சேர்க்கச் சொல்வார். கொடுத்ததோடு விடுகிறவரா? நாலு நாள் கழித்து என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், செக்போஸ்டில் வரிசை கட்டி நின்ற லாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசியில் அந்த ஆள் கிடைத்தார். லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, போன காரியம் என்னாச்சு?"

அவர் பதறி எழுந்து தலையை அடியில் இடித்துக்கொண்டார். "எந்தக் காரியமுங்க?"

"கவருங்க."

"அட அதுங்களா. அன்னைக்கே போட்டுட்டனுங்க."

"பொட்டியில போட்டீங்களா, ஆப்பீசுக்குள்ள குடுத்தீங்களா?"

"ஆப்பீசுலீங்க. ஏனுங்கம்மா, இதக் கேக்கறதுக்கா பஸ் ஏறி வந்தீங்க?"

"செரி, போங்க" என்றார் நங்கை.

"நான் எங்கீங்க போறது, முன்னால நிக்கறவன் போனாத்தான நான் போக" என்று அவர் மறுபடி படுத்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நங்கை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அந்தத் திருத்தமும் சரியில்லை என்று அடுத்த வாரம் பதில் வந்தது.

மிஷின் கையில் இல்லாததால் நங்கை அதை வாசலில் ஓட்டிப் பார்த்தார். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் பத்துக் கட்டம் போட்டார், பிள்ளைகள் நொண்டி விளையாடப் போடுவது போல. தாளில் இருந்ததைத் தமிழில் எங்களுக்காக வேறு தாளில் எழுதினார். எங்களுக்காக என்றால் எனக்கும் மாராத்தாளுக்கும். மாராத்தாள் எங்கள் காட்டில் களை வெட்டுகிறவள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, வாயில் சொன்னால் செய்வாள்.

மிஷினுக்குள் ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அதை ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த ஆளுக்குத் துணைக்கு இன்னோர் ஆள் வேண்டுமென்றால் தானாக உண்டாக்க முடியாது. எல்லாவற்றையும் மேய்க்கிற மேலாள் ஒன்று மிஷினுக்குள் இருக்கிறது. அதைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கேட்டால் அது இந்த ஆளையே அப்படியே இன்னொன்றாக எடுத்துத் தரும்.

"அம்மிணி, இங்க வா. இப்ப நானும் நீயும் ஒன்னு. என்ர கையில இருக்கற தாளுதான் உன்ர கையிலயும். நான் எந்த வரியில நிக்கறனோ அந்த வரியிலதான் நீயும் நிக்கற."

"அப்பறம் எது தாயி, எது புள்ளைன்னு எப்பிடீங்க தெரியும்?" என்று மாராத்தாள் கேட்டாள். எனக்கும் அதேதான் சந்தேகம். நான் கேட்கவில்லை.

"மேலாளு ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு நம்பர் சொல்லும். தாயிக்குப் புள்ளையோட நம்பர் வரும். புள்ளைக்குப் பூஜ்யம் வரும். பூஜ்யம் வந்துதுன்னா, ஓ, நான்தான் புள்ளைன்னு தெரிஞ்சுக்கோணும்."

"பாவமுங்க புள்ள. பொறந்ததும் கையில பூஜ்யம்" என்றாள் மாராத்தாள்.

பூஜ்யம் வந்த பிள்ளை தன் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளை எடுத்துக்கொள்ளும். அதே ஆள், அதே நம்பர், ஆனால் இனிமேல் வேலை வேறு. முந்தின தாளில் என்ன இருந்தது என்பது அதற்கு மறந்துவிடும். அதைச் சொன்னபோது நங்கை என்னைப் பார்த்தார். நான் எங்கள் அம்மா வீட்டை நினைத்துக்கொண்டேன்.

பிறக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். வேலை முடிந்தால் பிள்ளை வந்து தன் கட்டத்தில் நிற்க வேண்டும். தாய் கேட்க வேண்டும், போன காரியம் என்னாச்சு என்று. கேட்ட பிறகுதான் கட்டத்தை அழிக்கலாம். சென்னை மிஷினில் இப்படி ஐம்பது கட்டம் இருந்ததாம். அந்த ஐம்பதும் மத்தியானத்துக்குள் நிறைந்துபோய், மேலாளை எத்தனை கெஞ்சினாலும் "இடம் இல்லை" என்கிறது. ஏன் நிறைகிறது? வேலை எல்லாம் ஒழுங்காகத்தானே முடிகிறது? இதுதான் நங்கையைத் தின்றுகொண்டிருந்த கேள்வி.

பதினைந்து நாள் இப்படியே ஓட்டினார். மாராத்தாள் ஒரு பிள்ளை, இன்னொரு பிள்ளைக்குக் கல். மாராத்தாள் வரும்போதே "முடிஞ்சுதுங்கோவ்" என்று கத்திக்கொண்டு வருவாள், வந்ததும் காட்டுக்குப் போய்விடுவாள். கல்லை நங்கையே எடுத்துப் போடுவார். கட்டமெல்லாம் காலியாகத்தான் இருந்தது. நடுநடுவே உள்ளே போய் மாமனாரைப் புரட்டிப் போடுவார், புண்ணுக்கு மருந்து வைப்பார், கஞ்சி கொடுப்பார், திரும்பி வந்து முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார். தலை வாரி எத்தனை நாளானதோ. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, அப்பனுக்குக் காலு போச்சு மகளுக்குப் புத்தி போச்சு என்று பேசிக்கொண்டே போனார்கள். மாதக் கடைசிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

அன்றைக்கு மாமனாரைக் கட்டிலோடு தூக்கி வாசலில் வெயிலுக்குப் போட்டிருந்தோம். கல்லுக்குப் பதில் நான் நின்றேன். நங்கை தாய். மேலாளைக் கேட்டு எங்கள் இருவரையும் பெற்றார். மாராத்தாளைக் கிணற்றடிக்கு அனுப்பினார், என்னை அடுக்களைக்கு. வேலை என்றால் போய் எதையாவது தொட்டுவிட்டு வருவதுதான். நான் சீக்கிரமே வந்து என் கட்டத்தில் நின்றேன். எதிரே மாமனார் கட்டில். எனக்கு வாய் வரவில்லை. மாராத்தாள் கத்திக்கொண்டு வந்தாள். நங்கை அவளிடம் கேட்டார், அவள் சொன்னாள், கட்டத்தை அழித்தார். தாளில் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

நான் நின்றேன். அவர் அடுத்த சுற்றுக்கு மறுபடி மாராத்தாளைப் பெற்றார், ஒரு கல்லைப் பெற்றார். மாமனார் முனகினார், நங்கை ஓடினார். துடைத்துவிட்டு, கஞ்சி கொடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். வெயிலில் முதல் கட்டத்தில் நான் நிற்கிறேன்.

"ஏன் இன்னும் நிக்கற?"

"நீங்க கேக்கலீங்க."

நங்கை என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு பேர அனுப்பிச்சிருக்கறன். ஒருக்காதான் கேட்டிருக்கறன்." தாளில் ஒரு வரியில் விரலை வைத்தார். "மொதல்ல வந்து சொன்னவனக் கேட்டுட்டு அக்கட்ட போயிருக்கறன். இன்னொருத்தன் வேலையெல்லாம் முடிச்சுட்டு வந்து நின்னுட்டே இருக்கறான். ஒவ்வொரு சுத்துக்கும் ஒருத்தன். கல்லா இருந்தா நானே எடுத்துப் போட்டுருவன் அம்மிணி. நீயானதுனால நின்ன."

அப்போதுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன். சிரிப்பு பாதியில் அழுகையாகப் போய்விட்டது. மாமனார் கட்டிலிலிருந்து ஒரு பக்க வாயால் ஏதோ கேட்டார். "ஒன்னுமில்லீங்கப்பா, மெட்ராஸ் போறோம்" என்றார் நங்கை. எழுந்து வந்து என் தலையில் கை வைத்து, "போன காரியம் என்னாச்சு?" என்று முறைப்படி கேட்டார். "முடிஞ்சுதுங்க" என்றேன். "செரி, போ."

இன்னொரு தடவை கேட்கச் சொல்லும் ஒரே ஒரு வரி. அதை எழுதிய கவர் அன்று சாயங்காலமே வாளையாருக்குப் போனது.

அதற்குப் பிறகு தினமும் பதினோரு மணிக்கு என்னைத் தபாலாபீசுக்கு அனுப்புவார். தந்தியை அங்கே கம்பி என்பார்கள். "கம்பி வந்துதான்னு கேட்டுட்டு வா." ஐந்து நாள் போனேன், இல்லை என்றார்கள். வந்து சொன்னேன். "செரி, போ." ஆறாவது நாள் செவ்வாய்க்கிழமை. போஸ்ட்மேன் மலையாளத்துக்காரர், என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"கம்பி உண்டு. இங்க ஒப்பு வேணும்."

நான் அதுவரை எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்த நோட்டில் என் பேரைத் தமிழில் எழுதினேன். அவரே பிரித்துப் படித்துச் சொன்னார். "மிஷின் சரியாயி. திங்களாழ்ச்சைக்குள்ள வந்து ஜோயின் செய்யணும். நல்ல சமாச்சாரம்தான், ஓடு." நான் நிஜமாகவே ஓடினேன். கல்யாணமானவள் தெருவில் ஓடக்கூடாது என்பதுகூட நினைவில்லை.

வாய்க்கால் பாலத்தில் என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். "கையில என்ன?" என்று வாங்கிக்கொண்டார். விவரம் கேட்டார், சொன்னேன்.

"அப்பன அந்தக் கெடையில வண்டி ஏத்தினா வழியிலயே போயிரும். அவ தனியாப் போனா இங்க யாரு பாக்கறது, நீயா? பத்து நாளு போகட்டும், நானே சொல்லிக்கறன். நீ வாயத் தொறக்காத." தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கெட்டவர் இல்லை. அவருக்கும் அப்பாதானே. சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது.

வீட்டுக்கு வந்து கதவோரம் நின்றேன். காலையிலிருந்து மாமனாருக்கு இழுப்பு. நங்கை அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பி என் கையைப் பார்த்தார். வெறும் கை. கேட்கவில்லை. "அந்தச் சுடுதண்ணிய எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். மறுபடி வந்து நின்றேன். அவர் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து என்னை அனுப்பவில்லை. "உங்களுக்கு இங்க கை ஒழியாது, நானே போயிக் கேட்டுட்டு வர்றன்" என்றார் வீட்டுக்காரர். போய் வருவார். நங்கை வாசலுக்கே வந்து கேட்பார்.

"போன காரியம் என்னாச்சு?"

"ஒன்னும் வல்லீங்கக்கா."

"செரி, போ."

புதன், வியாழன், வெள்ளி, சனி. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ரெண்டு பேர் போயிருந்தோம். ஒருத்தரைத்தான் கேட்டார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று நானே என்னைக் கேட்டுக்கொள்ளாத நாளில்லை. சொல்லியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் பின்னாலேயே கிணற்றடி வரைக்கும் போனேன். "என்ன அம்மிணி, தண்ணி வேணுமா?" என்றார். தலையை ஆட்டினேன். சேந்திக் கொடுத்தார். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவர் தலை வாரி, நல்ல சேலை கட்டி, வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

மாமனார் அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். நங்கைதான் பார்த்துக்கொண்டார். சென்னைக்கு எழுதிக் கேட்டார், வேறு ஆளைப் போட்டாகிவிட்டது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்த ஓட்டைத் தாளெல்லாம் பரணில் கிடந்து, மழைக்கு ஒழுகுகிற இடத்தில் வைக்க ஆனது. அந்த வீட்டில் யார் எங்கே போய் வந்தாலும் யாரும் கேட்பதில்லை. மாராத்தாள்தான் ஒரு தடவை, "ஏனுங்க, இப்பெல்லாம் நம்மள ஒன்னும் கேக்கறதே இல்லீங்களே" என்றாள். நங்கை கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் சொன்னது அந்தத் திங்களுக்கு அடுத்து வந்த புதன்கிழமை. அவர் வாசலில் உட்கார்ந்து தாள்களை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். தரையில் பழைய கட்டங்கள் பாதி அழிந்து தெரிந்தன. எப்படி வாய் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"நங்கை, கம்பி வந்துதுங்க."

கை நின்றது. "எப்ப?"

"போன வாரம். செவ்வாக்கெளம."

"ஆரு வாங்குனது?"

"நான்தானுங்க. ஒப்புப் போட்டு வாங்குனன். பாலத்துல அவிய வாங்கி வெச்சுக்கிட்டாங்க."

நங்கை என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"நீ ஏன் அம்மிணி சொல்லல?"

இருந்த பதிலைச் சொன்னேன்.

"நீங்க கேக்கலீங்க."

உள்ளே மாமனார் முனகினார். நங்கை எழுந்தார். என்னைத் தாண்டி உள்ளே போய், அவரை ஒரு பக்கமாகப் புரட்டி முதுகுக்குத் தலையணை கொடுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் கஞ்சி ஆற்றுகிற சத்தம். திரும்பி வெளியே வருவார், "செரி, போ" என்பார் என்று நான் அங்கேயே நின்றேன். வெயில் சாய்ந்தது. காட்டிலிருந்து வந்த மாராத்தாள் என்னைச் சுற்றிக்கொண்டு போனாள். அவர் வரவில்லை.